பலாப் பிசின் ஏன் தண்ணீருக்கு மசிவதில்லை?

போன வைகாசியில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பலாப்பழம் அறுத்தோம். பண்ருட்டிப் பழம், தூக்கிவந்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த என் அக்கா மகன் ஆசைப்பட்டு அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தான். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்ன அம்மாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் பத்து விரலும் ஒட்டிக்கொண்டன. குழாயடிக்கு ஓடினான். தேய்த்தான், அப்புறம் வெந்நீர் கேட்டான், அதிலும் தேய்த்தான். பிசின் அசையவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். எண்ணெய் விட்டுத் தேய்த்ததும் பிசின் நூல் நூலாகக் கழன்று வந்தது.

பையனுக்குக் கோபம் பலாப்பழத்தின் மேல் இல்லை, பாடப் புத்தகத்தின் மேல். "தண்ணி சர்வ கரைப்பான்னு போட்டிருக்கு மாமா. அப்ப இதையும் கரைக்கணும்ல? அம்மாச்சி எண்ணெய்க்கு மட்டும் எப்படிக் கரையுது?"

நியாயமான கேள்விதான். "சர்வ கரைப்பான்" என்ற பட்டத்தை யார் தண்ணீருக்குச் சூட்டினார்களோ, அது கொஞ்சம் அதிகப்படி. தண்ணீர் கரைக்கும் பொருள்களின் பட்டியல் மிக நீளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தொடக்கூட முடியாதவற்றின் பட்டியலும் நீளமே. "இது கரையுமா?" என்பது பாதிக் கேள்வி. "எதில்?" என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கரை என்று ஒரு சொல், அதற்கு ஏழெட்டு வேலை

குழப்பத்தில் பாதி வேதியியலில் இல்லை, நம் பேச்சில் இருக்கிறது. ரசத்துக்குப் புளி கரைக்கிறோம். தோசைக்கு மாவு கரைக்கிறோம். சதுர்த்தி முடிந்ததும் பிள்ளையாரை அரசலாற்றில் கரைக்கிறோம். ஆடியில் வரும் புதுத்தண்ணீரில் வண்டல் கரைந்து வருகிறது என்கிறோம். டம்ளரில் ஐஸ் கரைந்தது, கையிலிருந்த காசு கரைந்தது. கூரையில் உட்கார்ந்து காக்காயும் கரைகிறது.

இவற்றில் பெரும்பாலானவை வேதியியல் சொல்லும் கரைதல் அல்ல. புதுத்தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் வண்டல், மேலே தெளிந்த நீர். சீக்கிரம் தெளியட்டும் என்று குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்த காலமும் உண்டு. கரைந்த பொருள் இப்படித் தானாக அடியில் போய் உட்காராது. வண்டல் நீரில் இருப்பது நுண்ணிய மண் துகள்கள். ஒவ்வொரு துகளிலும் கோடானுகோடி அணுக்கள். இதற்குப் பெயர் தொங்கல். பிள்ளையார் கதையும் இதுவே: களிமண் கட்டி துகள் துகளாகப் பிரிகிறதே ஒழிய, கரைவதில்லை.

உப்பு அப்படியில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்கி ஒரு மாதம் மூடி வைத்தாலும் அடியில் திரும்பி வராது. நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டினாலும் உப்பு துணியில் தங்காது. ஏனென்றால் அது துகளாக இல்லை. பிரிக்க முடிந்த கடைசி அளவுவரை பிரிந்து நீர் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறது. இதுதான் கரைசல். கரைகிற உப்பு கரைபொருள், கரைக்கிற தண்ணீர் கரைப்பான்.

புளி இரண்டுங்கெட்டான். அதன் புளிப்பும் இனிப்பும் உண்மையாகவே கரைகின்றன. சதைப்பற்று வெறுமனே கலங்கி நிற்கிறது. ரசம் தெளிந்ததும் மேலே எடுப்பது கரைசல், அடியில் நிற்கும் மண்டி தொங்கல்.

ஐஸ் விஷயம் வேறு. அது உருகுகிறது. உருகுவதற்குச் சூடு போதும், இரண்டாவது பொருள் எதுவும் தேவையில்லை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றுகிறார்கள். அந்த மெழுகு உருகி ஓடுகிறது, கரைவதில்லை. அதே அச்சைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டாலும் மெழுகு வெளியே வராது.

ஆக, கலங்குவது, உருகுவது, கரைவது மூன்றும் வேறு வேறு. இனி இந்தக் கட்டுரையில் கரைதல் என்றால் உப்பு நீரில் கரைவது போன்றதை மட்டுமே சொல்கிறேன்.

எண்ணெய் மிதப்பது ஒரு சங்கதி, கலக்காதது வேறு சங்கதி

எண்ணெய் ஏன் தண்ணீரோடு சேரவில்லை என்று யாரைக் கேட்டாலும் "எண்ணெய் லேசு, அதான் மேலே நிக்குது" என்பார்கள். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். எண்ணெய் லேசானது என்பது உண்மைதான். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம், தண்ணீர் 1000 கிராம். ஆனால் அது மேலே நிற்பதற்குத்தான் காரணம், சேராததற்குக் காரணம் அல்ல.

வீட்டிலேயே சோதிக்கலாம், அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து. ஊசி போடும்முன் பஞ்சில் நனைப்பார்களே, அந்த ஸ்பிரிட் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து அதில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெய் அடியில் போய் உட்காரும்! ஸ்பிரிட் எண்ணெயைவிட லேசு. இங்கே எண்ணெய்தான் கனம், ஆனாலும் கலக்கவில்லை. இன்னொரு குப்பியில் ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் ஊற்றினால் எந்த அளவில் சேர்த்தாலும் ஒன்றாகிவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள எடை வித்தியாசத்தைவிட இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். ஆக எடை இதில் நீதிபதி இல்லை. சேராதவற்றில் எது மேலே எது கீழே என்று இடம் ஒதுக்குகிற ஆள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் சேருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது எது? அதற்கு மூலக்கூறுக்குள் போகவேண்டும். மூலக்கூறு என்பது சில அணுக்கள் பிணைந்து நிற்கும் ஒரு குடும்பம். தண்ணீரின் மிகச் சிறிய அலகு ஒரு நீர் மூலக்கூறு.

தலைமடையும் கடைமடையும்

அணுக்களைப் பிணைத்து வைப்பது எலக்ட்ரான்கள். இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன, இரண்டு வயல்காரர்கள் ஒரே வாய்க்காலைப் பங்கிடுவது மாதிரி. பேச்சுக்குப் பங்கு சமம். ஆனால் டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டுமா? தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் தளும்பும். கடைமடைக்காரர் மேட்டூர் திறந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜன் தலைமடை. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு அதிகம். எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும், கடைமடையில் காய்கிற ஹைட்ரஜன்கள் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் வந்துவிடுகின்றன. இப்படி ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று முனைகள் உள்ள மூலக்கூறை முனைவுள்ள மூலக்கூறு என்கிறோம்.

வடிவமும் முக்கியம். நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, நடுவில் 104.5 பாகை கோணத்தில் வளைந்திருக்கிறது. நேராக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்து முனையே இல்லாமல் போயிருக்கும். கார்பன் டை ஆக்சைடில் அப்படித்தான் நடக்கிறது.

எண்ணெய்க்கு வருவோம். நல்லெண்ணெயின் மூலக்கூறு மூன்று நீண்ட வால்கள் கொண்டது. ஒவ்வொரு வாலிலும் பெரும்பாலும் 18 கார்பன்கள் வரிசையாக, அவற்றைச் சுற்றி ஹைட்ரஜன்கள். கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களை ஏறக்குறைய சமமாகவே பங்கிடுகின்றன. தலைமடை கடைமடைச் சண்டை கிடையாது, ஆகவே முனையும் கிடையாது. இது முனைவற்ற மூலக்கூறு. கறாராகச் சொன்னால், வால்கள் சேருமிடத்தில் சில ஆக்சிஜன்கள் உண்டு. அவ்வளவு நீள வால்களுக்கு முன்னால் அவை எடுபடுவதில்லை.

நினைவில் வைக்க இது போதும்: பங்கு ஏறுமாறாக இருந்து முனை உண்டானால் முனைவுள்ளது, தண்ணீர் அதற்கு உதாரணம். பங்கு சமமாக இருந்தால் முனைவற்றது. எண்ணெய், மெழுகு, டீசல், பெட்ரோல் எல்லாம் அந்த வகை.

மகாமகக் கூட்டத்தில் மூங்கில் கழி

இனிமேல்தான் உண்மையான இயக்கம். "எண்ணெய்க்குத் தண்ணீர் பிடிக்காது" என்று பேசுவது வழக்கம். பிடிக்காமல் ஒன்றுமில்லை. எண்ணெய் மூலக்கூறுக்கும் நீர் மூலக்கூறுக்கும் இடையிலும் லேசான ஈர்ப்பு இருக்கவே செய்கிறது. நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்டிருக்கும் பிடிதான் விஷயம்.

ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கம் அடுத்ததன் ஆக்சிஜன் பக்கத்தைப் பிடிக்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். 2016 மகாமகத்துக்கு வந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். வராதவர்களுக்கு 2028 இருக்கிறது. குளத்தைச் சுற்றிலும் ஜனம். தொலைந்துபோகாமல் இருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். ஒரு கையை விட்டால் உடனே இன்னொரு கையைப் பிடிக்கிறார்கள். தண்ணீருக்குள் நடப்பதும் இதுதான்: பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதும், ஒரு நொடிக்குள் எண்ணற்ற முறை.

அந்தக் கூட்டத்துக்குள் நீண்ட மூங்கில் கழிகள் சில நுழைகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிக்குக் கை கிடையாது. அதன் பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பிடித்துப் பயனில்லை. தங்களுக்குள் கை கோத்துக்கொள்ள ஒரு தினுசாக ஒதுங்கித் திரும்பி நிற்கவேண்டியிருக்கிறது. இஷ்டப்படி திரும்பும் சுதந்திரம் அவர்களுக்குக் குறைகிறது. கழிகள் தனித்தனியே சிதறிக் கிடந்தால் சங்கடப்படுகிறவர்கள் அதிகம். எல்லாக் கழிகளும் ஒரே கட்டாக ஓரத்தில் கிடந்தால் குறைவு. யாரும் கழியைத் திட்டவில்லை, தள்ளவும் இல்லை. ஆனாலும் நெரிசல் நகர நகரக் கழிகளெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். எண்ணெய்ச் சொட்டுகள் ஒன்றுகூடி மேலே ஏடாகப் படர்வது இப்படித்தான். பம்புசெட்டு டீசல் சிந்தி வாய்க்காலில் வானவில் மாதிரிப் படர்வதும் இதனால்தான்.

உப்பு இதே கூட்டத்துக்குள் வந்தால் ராஜ மரியாதை. உப்பு, சோடியம் என்ற நேர்மின் துகளும் குளோரைடு என்ற எதிர்மின் துகளும் அடுக்கிய கட்டடம். மின்னூட்டம் பெற்ற இத்துகள்களுக்கு அயனி என்று பெயர். சோடியத்தை ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் முகத்தைக் காட்டிச் சூழ்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் முகத்தைக் காட்டிச் சூழ்கின்றன. கட்டடத்தில் இருந்தபோது அயனிக்குக் கிடைத்த பிடிக்கு ஈடான பிடி நீரிலும் கிடைத்துவிடுகிறது, அதனால் கழன்று வருகிறது. 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பு வரை இப்படி ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போட்டது அடியில் கிடக்கும்.

வேதாரண்யம் உப்பளங்களின் முழுக் கணக்கும் இந்த எண்ணில் இருக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள். அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றும்வரை சமையல் உப்பு நீரை விட்டு வராது. 1930-ல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போனவர்கள் அள்ளிய உப்பும், நீர் போதாமல் போனபின் வெளியேறிய உப்புதான்.

சர்க்கரை அயனி இல்லை, ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் எட்டு இடங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. எட்டுக் கை உள்ளவனைக் கூட்டம் விடுமா? 100 மில்லி நீரில் 200 கிராம் வரை கரையும்.

யூரியாவும் இந்த ஜாதி. தெளிக்க யூரியா கரைத்தவர்களுக்குத் தெரியும், வாளி ஜில்லென்று ஆகிவிடும். யூரியா மூலக்கூறுகள் தமக்குள் பிடித்திருந்த பிடியை விடுவிக்கச் செலவாகும் ஆற்றல், நீரோடு புதுப்பிடி போடுவதில் கிடைக்கும் ஆற்றலைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கரைதல் ஒரு வரவு செலவுக் கணக்கு என்பதைக் கையால் தொட்டு உணர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒரே ஜாடியில் இரண்டு கரைப்பான்

எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது? அங்கே யாரும் இறுக்கிக் கை பிடித்திருக்கவில்லை. லேசாக உரசிக்கொண்டு கிடக்கும் கழிக்கட்டு. புதிதாக இன்னொரு கழி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, சொருகிக்கொள்ளலாம். ஆகவே முனைவற்றவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கின்றன. பலாப் பிசினில் இருப்பது ரப்பர் போன்ற நீண்ட கார்பன் சங்கிலிகளும் மெழுகுப் பொருள்களும். அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் சொந்த வீடு. சுவாமிமலை மெழுகில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் ஒன்றாகிவிடுவதும், சளிக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காணாமல் போவதும் இதே கணக்கு.

உப்பை எண்ணெயில் போட்டால்? நாள் முழுக்கக் கலக்கினாலும் உப்பு உப்பாகவே கிடக்கும். அயனி கட்டடத்தை விட்டு வந்தால் பிடிக்க எண்ணெயில் ஒரு கையும் இல்லை.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க ஆவக்காய் ஜாடியைத் திறக்கலாம். மேலே சிவந்து நிற்கும் எண்ணெயை மட்டும் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள்: காரம் ஏறும், உப்பு அவ்வளவாகத் தெரியாது. அடியில் இருக்கும் மாங்காய்ச் சாற்றைத் தொட்டால் உப்பும் புளிப்பும் சுள்ளென்று அடிக்கும். மிளகாயின் சிவப்பும் காரமும் முனைவற்ற பக்கம் சாய்ந்தவை, எண்ணெயில் போய்க் குடியேறிவிட்டன. உப்பும் புளிப்பும் முனைவுள்ளவை, சாற்றிலேயே தங்கிவிட்டன. யாரும் பிரித்து வைக்கவில்லை, அவரவர் இடத்துக்கு அவரவர் போயிருக்கிறார்கள். காரம் தாங்காமல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் அடங்காமல், ஒரு வாய் தயிர்சாதத்தில் அடங்குவதும் இதன் தொடர்ச்சி. தயிரில் கொழுப்பும், காரப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமும் இருக்கின்றன.

நம் அரிசி ஆலைத் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பதும் இந்த விதியை நம்பித்தான். செக்கில் போட்டுப் பிழிந்தால் தவிடு சரியாக எண்ணெய் விடாது. ஹெக்சேன் என்ற முனைவற்ற திரவத்தைத் தவிட்டின் வழியே ஓடவிடுகிறார்கள். தவிட்டு எண்ணெய் அதில் கரைந்து வந்துவிடும். ஹெக்சேன் 69 பாகை செல்சியஸிலேயே கொதித்துப் பிரிந்துவிடுவதால் அதைப் பிடித்துக் குளிரவைத்து மறுபடி உபயோகிக்கலாம். எண்ணெய் போன தவிடு மாட்டுத் தீவனம்.

சுருக்கமாக: முனைவுள்ளது முனைவுள்ளதில் கரையும், முனைவற்றது முனைவற்றதில் கரையும். பாடப் புத்தகம் இதை "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவர்

ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால் ஒரு சுவாரசியமான ஆள். அதன் மூலக்கூறில் ஒரு முனை நீர் மாதிரி, கை உண்டு. மறுமுனை எண்ணெய் மாதிரி, குட்டையான கார்பன் வால். அதனால் தண்ணீரோடு எந்த அளவிலும் சேரும், தண்ணீர் தொடாத பல பொருள்களையும் கரைக்கும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் சிந்திய வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எத்தனை அலசினாலும் கறை இருக்கும். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் சானிட்டைசரைப் பஞ்சில் நனைத்து ஒற்றினால் பஞ்சில் மஞ்சள் ஏறுவதைப் பார்க்கலாம். சோப்பு போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துமே, அது கரைதல் இல்லை. சோப்பின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) மஞ்சளின் நிறத்தையே மாற்றுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிற அதே வேலை. கடைசியில் மிஞ்சும் கறையை வெயிலில் காயப்போட்டால் வெயில் அந்த நிறப்பொருளைச் சிதைத்துவிடும். வேட்டிக்கு வெயில்தான் கைகண்ட மருந்து.

எண்ணெய்களிலும் வித்தியாசம் உண்டு. நல்லெண்ணெய் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது என்று மேலே பார்த்தோம். விளக்கெண்ணெய் மட்டும் சுத்தமான ஆல்கஹாலோடு நன்றாகக் கலந்துவிடும். காரணம், அதன் அநேகமாக ஒவ்வொரு வாலிலும் நடுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கை முளைத்திருக்கிறது. முனைவு என்பது உண்டு, இல்லை என்று இரண்டே பெட்டி அல்ல. கொஞ்சம், அதிகம், மிக அதிகம் என்று நீளும் வரிசை.

சித்த, ஆயுர்வேத மருந்துக் கடைகளின் அலமாரியில் கஷாயம், தைலம், அரிஷ்டம் என்று மூன்று வகை இருப்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நீர், எண்ணெய், புளித்து உண்டான ஆல்கஹால்: மூன்று கரைப்பான். ஒரே மூலிகையிலிருந்து மூன்றும் மூன்று விதமான பொருள்களை இழுக்கும்.

விதி பிசகும் இடங்கள்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அயனிகளால் ஆனதுதான். விதிப்படி நீரில் தாராளமாகக் கரையவேண்டும். ஆனால் ஒரு லிட்டர் நீரில் 2 கிராம்கூடக் கரையாது. அதன் அயனிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி அப்படி. நீர் தரும் விலை கட்டுப்படியாகவில்லை. "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்பது நல்ல முதல் ஊகம், சட்டம் அல்ல. முடிவைச் சொல்வது எப்போதும் வரவு செலவுதான்.

பருத்தி வேட்டியும் அப்படியே. அதன் இழை முழுக்கக் கைகள், அதனால்தான் நீரை அவ்வளவு உறிஞ்சுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த சங்கிலிகள், பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொண்டு கிடக்கின்றன. நனையும், கரையாது. (கரைந்தால் ஆற்றில் குளிக்கப் போனவர்கள் கதி என்ன?)

மறுபக்கம், "கரையாது" என்ற சொல்லையும் அப்படியே நம்பவேண்டாம். ஆக்சிஜன் வாயு முனைவற்றது, நீரில் கரையாத ரகம். இருந்தும் 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் கரைந்திருக்கும். சர்க்கரையோடு ஒப்பிட்டால் தூசு. அந்தத் தூசை நம்பித்தான் காவிரி மீன்கள் உயிர் வாழ்கின்றன. உப்பு நீரில் இது இன்னும் குறையும், வெப்பம் ஏறினாலும் குறையும். நாகப்பட்டினம் பக்க இறால் குட்டைகளில் துடுப்புச் சக்கரங்கள் நுரை தள்ளச் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எண்ணெயை எடுக்க யார்?

பையன் கை சுத்தமானதும் அடுத்த கேள்வி வந்தது. "பிசின் போச்சு மாமா. இப்ப இந்த எண்ணெயைத் தண்ணியில எப்படிக் கழுவுறது?"

சோப்பு. இதன் மூலக்கூறு ஆல்கஹாலைப் போல இரண்டு குணம் கொண்டது, ஆனால் ஒவ்வொன்றிலும் தீவிரம். தலை மின்னூட்டம் உள்ளது, நீரை விடாது. வால் நீண்ட கார்பன் சங்கிலி, எண்ணெயை விடாது. வால் அவ்வளவு எண்ணெய்த்தனமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, அது எண்ணெயின் வாலேதான். எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது அறுபட்டு வந்த வாலில் மின்னூட்டத் தலை வைத்தால் சோப்பு.

எண்ணெய்ச் சொட்டு ஒன்றில் சோப்பு வால்கள் எல்லாப் பக்கமிருந்தும் குத்தி நிற்கும், தலைகள் வெளியே நீரைப் பார்க்கும். வெளியிலிருந்து பார்க்கும் தண்ணீருக்கு அது எண்ணெயாகவே தெரியாது. இப்படிக் கூட்டமாக நிற்கும் அமைப்புக்கு மைசெல் என்று பெயர். சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள நுரைக்கும் பொருளும் இதே மாதிரி இரண்டு குணம் கொண்டதுதான். தீபாவளிக் காலையில் தலைக்கு வைத்த எண்ணெயை அது எடுத்துப்போகிறது.

கவனிக்கவேண்டியது, எண்ணெய் இங்கேயும் கரையவில்லை. பொடிச் சொட்டுகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேரமுடியாமல் நீர் முழுக்க நிற்கிறது. இதற்குப் பால்மம் என்று பெயர். பசும்பால், தேங்காய்ப்பால், பினாயில் ஊற்றிய வாளித் தண்ணீர் எல்லாம் பால்மங்கள். பூச்சிமருந்துப் புட்டியில் "ஈ.சி." என்று போட்டிருந்தால், நீரில் பால்மமாகிற அடர் மருந்து என்று அர்த்தம். நீரில் ஊற்றினதும் அது பாலாக வெளுப்பது அதனால்தான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் சித்தப்பா ஒருமுறை நெல்லுக்கு வேப்ப எண்ணெய் அடித்தார். 3 சதவீதம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. அளவெல்லாம் சரி. சோப்பு எதற்குத் தண்டம் என்று விட்டுவிட்டார். முதுகுத் தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சும். எண்ணெய் மேலே மிதக்கும். வயலின் முக்கால் பங்குக்கு வெறும் தண்ணீர் போயிற்று. கடைசி வரப்போரம் மட்டும் சுத்தமான வேப்ப எண்ணெய் இறங்கி, மறுநாள் பயிர் நுனி கருகி நின்றது. "மருந்து சரியில்லைடா" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் பக்கத்து வயல்காரர் செய்து காட்டியது இது. காதி சோப்பைச் சீவிக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்தார், இது உண்மையான கரைத்தல். அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கூழாகும்வரை அடித்தார். அப்புறம்தான் தண்ணீர், அதுவும் சிறுகச் சிறுக, கலக்கிக்கொண்டே. வாளி பால் மாதிரி வெளுத்தது. மேலே எண்ணெய்க் கண் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றிரண்டு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு மறுபடி அடித்து, கண் மறைந்தபின் டேங்கில் ஊற்றி, பிரியும்முன் அடித்து முடிக்கவேண்டும் என்று அப்போதே வயலில் இறங்கிவிட்டார்.